நடந்து போகிறவர்களுக்கு வழி

அவருடைய பேருந்தில் ஏறியவர்கள் தூங்கிப்போவார்கள். பிரேக் போட்டது யாருக்கும் தெரியாது, வண்டி நின்றிருக்கும். கியர் மாற்றியது தெரியாது, வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிக் கண்விழித்து, "உங்க டிரைவர் ஒரு தடவையாவது குலுக்கக் கூடாதா?" என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போனவர்கள் நிறையப் பேர். பணிமனையில் யாரோ அவருக்குத் தாலாட்டு என்று பெயர் வைத்தார்கள். வைத்தவன் கிண்டலாகத்தான் வைத்திருப்பான். அவரோ அதைப் பட்டம் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டார். போகப் போக எல்லாருக்கும் அவர் தாலாட்டு அண்ணன் ஆகிவிட்டார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு இடது கண்ணில் கோளாறு வந்தது. ஓரத்தில் லேசாகப் புகை படிந்த மாதிரி ஆரம்பித்து, பக்கத்தில் வரும் ஸ்கூட்டர் திடீரென்று முளைத்து நிற்பது வரை போய்விட்டது. கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். "நடக்கலாம், புத்தகம் படிக்கலாம், பேரப் பிள்ளைங்களோட விளையாடலாம். பெரிய வண்டி மட்டும் வேணாம்" என்றார். முதல் இரண்டும் தாலாட்டு அண்ணனுக்குப் பழக்கமில்லை. மூன்றாவதற்கு இன்னும் பேரப் பிள்ளைகளே பிறக்கவில்லை.

நிர்வாகம் அவரைக் கைவிடவில்லை. பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் மைக்கும் கொடுத்து உட்கார வைத்தது. வருத்தம் இருந்தாலும் அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இந்த ஊரைப் பற்றி அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? எந்த வளைவில் குழி, எந்தத் திருப்பத்தில் மாடு மாதிரி குறுக்கே வருகிற ஆட்டோ, எந்தப் பாலத்தில் மழைத் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் உள்ளங்கை நெல்லிக்கனி. வேட்டிக்குப் பதில் கால்சட்டை போட்ட ராஜா மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வழி சொல்ல ஆரம்பித்தார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவருக்குச் சறுக்கிய விதம்தான் தனி.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் ஜன்னலில் வந்து நின்றாள். பக்கத்தில் கணவன், ஒரு காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் கட்டை. எலும்பு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். தாலாட்டு அண்ணன் யோசிக்கவே இல்லை. "மணிக்கூண்டு ஸ்டாப்ல இறங்குங்கம்மா. நேரா போய்ப் பாலத்துக்கிட்ட திரும்புங்க. அப்புறம் லெஃப்ட், மறுபடி லெஃப்ட். பெரிய கேட்டு, கண்ணுக்கு நேரா தெரியும்." சொல்லி முடித்தபோது தன் பதிலே தனக்கு இனித்தது. மைக்கை அணைத்துவிட்டு டீ குடித்தார்.

சாயங்காலம் அதே பெண் திரும்பி வந்தாள். கணவன் தூரத்துப் பெஞ்சில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"காலையில ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டேனே, நினைவிருக்கா ஐயா?"

"இருக்கும்மா. நல்லபடியா போய்ச் சேந்தீங்களா?"

"சேந்தோம். டாக்டர் கிளம்பிப் போனப்புறம் சேந்தோம். நாங்க இறங்கின ஸ்டாப்புக்குப் பின்னாலயே ஒரு சந்து இருக்குங்க. அதுல நுழைஞ்சா ஆஸ்பத்திரியோட பின்வாசல். அது தெரியாம இவரு ஒத்தைக் காலை வச்சுக்கிட்டு வெயில்ல அந்தப் பக்கத்தையே சுத்தி வந்தாரு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க சொன்ன வழி தப்புன்னு சொல்ல மாட்டேன். நாங்க பஸ்ஸா இருந்திருந்தா ரொம்பச் சரியா இருந்திருக்கும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தி மனதை ஆற்றிக்கொண்டிருப்பார். அவள் பேருந்தைப் பார்த்துப் போய்விட்டாள். அவர் மைக்கை ஓரமாகத் தள்ளி வைத்தார். திரும்பிப் பார்த்தால், கதவருகே மேலாளர் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

மேலாளர் அம்மா வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். வயதில் சின்னவர், குரல் அதைவிடச் சின்னது. ஆனால் அந்தச் சின்னக் குரலில் சொன்னது நடக்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

"இது முதல் புகார் இல்லண்ணே. மேம்பாலத்து மேல நடந்து போகச் சொன்னீங்கன்னு ஒருத்தர் போன வாரம் வந்தாரு. அங்க நடைபாதையே கிடையாதாமே."

நடைபாதை இருக்கிறதா என்று அவர் எப்போது பார்த்தார்?

"மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அன்னைக்கு நானே வந்து பக்கத்துல உட்கார்றேன். சரிப்படலன்னா டயர் கிடங்குல ஒரு இடம் இருக்கு. தப்பா நினைக்காதீங்க."

டயர் கிடங்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பணிமனைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு கூடம். ரப்பர் நாற்றம், ஒரு குண்டு பல்பு, கூரை வரை அடுக்கிய பழைய டயர்கள். மனுஷ முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் யாருக்காவது டயர் வெடிக்க வேண்டும். நாள் முழுக்க ஒரு பேருந்து நிறைய ஜனங்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டியவரை அங்கே கொண்டுபோய்ப் போட்டால், மூன்றாவது கண்ணும் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. மூன்றாவது கண் எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் போய்விடும்.

வீட்டில் அவர் மனைவி தையல் மிஷினில் இருந்தாள். முன் அறை முழுக்க அவளுடைய ராஜ்ஜியம்தான்: வெட்டிய துணி, ஜாக்கெட் அளவு, சோபாவில் குத்தி வைத்த ஊசிகள். கணவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே விஷயம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். மிதியை நிறுத்தாமல், "என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்றார். அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். ஒரு கை தைத்து முடிப்பதற்குள் அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நாங்க பஸ்ஸா இருந்திருந்தா"வைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். பிறகு முகம் மாறி, "பாவம், அந்த ஆளோட காலு" என்றாள்.

"அதான் எனக்கும்" என்றார் அவர். "நாளைக்கு லீவு. ரெண்டு பேரும் ஊரைச் சுத்திப் பாத்துட்டு வருவோமா?"

மிஷின் நின்றது. கல்யாணமான புதிதிலிருந்து அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி அது. எப்போது கேட்டாலும், 'நாள் பூரா ஊரைச் சுத்திட்டு வந்தவனை மறுபடியும் சுத்தச் சொல்றியா?' என்று வாயை அடைத்துவிடுவார்.

"நல்லா இருக்கே! கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுத்தான், சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கண் டாக்டரிடம் போய்வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்கவில்லை.

மறுநாள் மணிக்கூண்டில் இறங்கினார்கள். முதல் நாள் நடை மாதிரி ஒரு கூத்து உலகத்தில் இருக்காது. மனுஷன் நடைபாதையில் நடக்கிறார், சிவப்பு விளக்கு விழுந்ததும் நின்றுவிடுகிறார். அவர்கள் சாலையைக் கடக்கவே இல்லை. நேராகப் போகிற நடைபாதை அது. பின்னால் வந்தவர்கள் அவர் முதுகில் முட்டிக்கொண்டார்கள்.

"ஏங்க, நமக்கு எதுக்கு சிக்னல்?"

"கால் தானா நிக்குதுடி."

திரும்ப வேண்டிய இடத்தில் அவர் கை தானாக வெளியே நீண்டது. எதிரே வந்தவர் அதைத் தனக்கு வணக்கம் என்று நினைத்து, பதிலுக்குக் கையைத் தூக்கிவிட்டுப் போனார். உச்சக்கட்டம் அந்தச் சந்து வாசலில் நடந்தது. நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு பூட்டு ரிப்பேர் கடைக்கும் நடுவில், ஆஸ்பத்திரிக்குப் போகிற சந்து இருந்தது. அவள் நுழைந்துவிட்டாள். அவர் வாசலில் நின்றார்.

"வாங்க."

"ஒன்வே. எதிர்ப்பக்கத்துலேர்ந்துதான் வரலாம்."

அவள் திரும்பி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "உங்களுக்கு எத்தனை சக்கரம் இருக்குன்னு கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க, கேப்போம்."

அவர் பலகையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். தயங்கித் தயங்கி ஒரு காலை உள்ளே வைத்தார். யாரும் விசில் அடிக்கவில்லை.

உள்ளே போனால், சந்து முழுக்க ஊன்றுகோல் கடைகள்! கைத்தடி, கக்கக் கட்டை, நாலு கால் வைத்த நடைச்சட்டம், சக்கர நாற்காலி. எலும்பு ஆஸ்பத்திரியின் பின்வாசலை நம்பி ஒரு தெருவே பிழைத்துக்கொண்டிருந்தது. ஒரு கடையில் தச்சர் ஒருவர், கைத்தடி வாங்க வந்த பெரியவரை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். கையைத் தொங்கப் போடச் சொன்னார். மணிக்கட்டு எலும்புக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டு, தடியின் அடியை அறுத்து, ரப்பர் குப்பி மாட்டிக் கொடுத்தார். பெரியவர் ஊன்றி நடந்து பார்த்தார். கூன் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. எதிர்க்கடைக்காரர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு அந்த நடையைப் பார்த்தார்கள். "இன்னும் ஒரு சுத்து வாங்க, பழகிடும்" என்று ஒருவர் தைரியம் சொன்னார். பெரியவர் புதுச் செருப்பு போட்ட பிள்ளை மாதிரி சந்தின் கோடி வரை போய்த் திரும்பி வந்தார்.

தாலாட்டு அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இந்தச் சந்தின் வாயில்தான் தினமும் பேருந்தை நிறுத்திக் கிளம்பியிருக்கிறார். ஒரு தடவை கூடத் தலையைத் திருப்பியதில்லை. திருப்பவும் கூடாது, டிரைவருக்கு முன்னால்தான் பார்வை இருக்க வேண்டும். தன் தொழிலை அவர் அன்றைக்கும் குறைத்து நினைக்கவில்லை. குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டியிருக்கிறோம், குதிரையை நன்றாகத்தான் ஓட்டியிருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது.

அதன் பிறகு விட்டேனா பார் என்று ஆகிவிட்டது. லீவு நாள், வேலை முடிந்த சாயங்காலம், விடிந்தும் விடியாத காலை, எப்போது முடிந்தாலும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஒரே ஒரு தகராறுதான். அவர் யாரிடமும் வழி கேட்க மாட்டார். "விசாரணை ஜன்னல்ல உக்காந்திருக்கிறவன் தெருவுல வழி கேட்டா, பாக்குறவன் என்ன நினைப்பான்?" என்பார். அவளுக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிற கட்சி. பால்காரர், துணி காயப்போடுகிறவள், மூட்டை இறக்குகிறவர் என்று யார் கிடைத்தாலும் நிறுத்தி, "இந்தப் பக்கம் என்ன இருக்குங்க?" என்று கேட்பாள். போகிற இடத்தைக் கேட்பதில்லை, என்ன இருக்கிறது என்றுதான் கேட்பாள். கேட்கப்பட்டவர்கள் முதலில் பேந்தப் பேந்த விழிப்பார்கள். தன் தெருவில் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை. பிறகு முகம் மலரும், வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்து காட்டுவார்கள்.

அப்படித்தான் காய்கறிச் சந்தையின் மாடி அகப்பட்டது. சந்தையின் கீழ்த்தளம் எல்லாருக்கும் தெரியும். மாடி ஜன்னல்கள் அழுக்கேறி மூடிக் கிடக்கும், பாழடைந்த கிடங்கு என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஓர் உருளைக்கிழங்கு வியாபாரி, மூட்டைகளை நகர்த்தி, பின்னால் இருந்த படிக்கட்டைக் காட்டினார். செங்குத்தான இரும்புப் படி. பாதியில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் கை கொடுத்து மெல்ல ஏற்றிவிட்டார்.

மேலே நீண்ட தாழ்வாரம். இரண்டு பக்கமும் தையல் மிஷின் பழுது பார்க்கிறவர்களின் கடைகள். ஒரு கடையில் வெறும் சக்கரங்கள் தொங்கின. ஒரு கடையில் மிதிகள். அடுத்ததில் அடிநூல் வைக்கிற, படகு மாதிரி சின்னச் சின்ன பாபின் கூடுகள் தட்டுத் தட்டாக மினுங்கின. எண்ணெய் வாசனையும், சோதித்துப் பார்க்கிற மிஷின்களின் டகடகவும் சேர்ந்து அந்த மாடி கல்யாண வீடு மாதிரி இருந்தது. கோடியில் ஒரு பட்டன் கடை. சுவர் முழுக்க இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கிற பட்டன் ஒன்று தைக்கப்பட்டிருந்தது. எழுத்தே கிடையாது. கடைக்கார அம்மா வாடிக்கையாளரின் சட்டையைப் பார்ப்பார், ஏணியில் ஏறுவார், ஓர் இழுப்பறையை இழுப்பார், அதே பட்டன் கையில் இருக்கும்.

அவர் மனைவி அந்தச் சுவரின் முன்னால் நின்றாள். கோயில் சிலையைத் தொடுகிற மாதிரி, கிளிஞ்சல் பட்டன் ஒன்றை விரல் நுனியால் தொட்டாள். தொட்ட கையோடு திரும்பிக் கணவரை முறைத்தாள்.

"என் மிஷினுக்கு ஒரு ஸ்பிரிங் இல்லாம ரெண்டு வருஷம் ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டினேன். நீங்க இதுக்குக் கீழயேதான் பஸ் ஓட்டிட்டு இருந்தீங்க."

"மேல பாத்து ஓட்டினா ஆள் மேல ஏத்திருவேனேடி!"

பட்டன் கடைக்கார அம்மா ஏணியிலிருந்தபடியே சிரித்தார். அவள் ஸ்பிரிங் வாங்கினாள், தேவையே இல்லாத கிளிஞ்சல் பட்டன்களையும் வாங்கினாள். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் முனகினாள். தாலாட்டு அண்ணன் அந்த முனகலைக் கவனித்தார். இந்த இடத்துக்கு வழி சொன்னால் படியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கேட்கிறவரின் முழங்காலையும் விசாரிக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

அன்றிலிருந்து ஜன்னலில் அவர் பாணி மாறியது. யாராவது வழி கேட்டால், எழுந்து எக்கி, ஜன்னல் வழியாக அவர்கள் காலைப் பார்ப்பார். கையில் என்ன பாரம், இடுப்பில் குழந்தை உண்டா என்று பார்ப்பார். "படி ஏறுவீங்களா? முழங்கால் எப்படி?" என்று மைக்கில் கேட்பார். மருத்துவ முகாம் நடக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் எலும்பு ஆஸ்பத்திரிக்குச் சந்து வழியைச் சொல்லி அனுப்பினார்.

மாசக் கடைசி நெருங்கியது. பார்த்தது கொஞ்சம், பார்க்காதது மலையளவு என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ராத்திரி படுத்தால் டயர் நாற்றம் மூக்கில் வந்தது.

அந்த வாரத்தில்தான் மேம்பாலத்துக்கு அடியில் போனார்கள். மேலே அவர் ஓட்டியே தேய்ந்த பாலம் அது. அடியில் ஒரு சின்ன ஊரே இருந்தது. தூணுக்குத் தூண் தொழில். ஒரு தூணில் சைக்கிள் பஞ்சர், ஒரு தூணில் குடை ரிப்பேர், ஒன்றில் சதுரங்கப் பலகையும் அதைச் சுற்றி ஆடாமல் ஆலோசனை மட்டும் சொல்லும் கூட்டமும். இன்னொரு தூணில் ஆணியடித்து மாட்டிய பெரிய கண்ணாடி, அதற்கு எதிரே நாற்காலி, அதன் பின்னால் முடி திருத்துகிறவர். வெயிலும் மழையும் படாத இடம். பாலம் இவர்களுக்கென்றே கட்டிய பந்தல் போல இருந்தது. அண்ணனுக்குத் தாடி வளர்ந்திருந்ததால் மனைவி அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

சோப்பு நுரை போட்டுக் கத்தியைக் கழுத்தில் வைத்தபோது, மேலே தடதடவென்று ஒரு வண்டி ஏறியது. திருத்துகிறவர் சட்டென்று கத்தியை எடுத்துக்கொண்டார். கண்ணாடி அதிர்ந்து அண்ணனின் முகம் இரண்டு மூன்றாகத் தெரிந்தது. வண்டி போனதும் கத்தி மறுபடி வந்தது.

"பயந்துட்டீங்களா? பஸ்ஸு வந்தா கத்தியை எடுத்துருவேன்ங்க. மேல பாலத்துல இணைப்பு இருக்குல்ல, அதுல ஏறி இறங்கும்போது இங்க எல்லாம் ஆடும்."

"எல்லா வண்டிக்கும் எடுப்பீங்களா?" என்று அவர் மனைவி சும்மாதான் கேட்டாள்.

"எல்லாத்துக்கும்தாம்மா. ஒருத்தர் இருந்தாரு, அவரு வண்டிக்கு மட்டும் எடுக்க மாட்டேன். இணைப்பு வர்றதுக்கு முன்னாலயே மெதுவாக்கிருவாரு, சத்தத்துலயே தெரியும். கண்ணாடி ஆடாது. மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, கீழ இருக்கிறவனுக்கு எங்க தெரியப் போகுது? ஆனா அவரை நம்பி எத்தனை பேர் கழுத்துல கத்தி வச்சிருப்பேன்!" அவர் கத்தியைத் தோல் பட்டையில் தீட்டினார். "இப்பக் கொஞ்ச காலமா அந்த வண்டி வரல. ரிட்டயர் ஆயிட்டாரோ, செத்தே போயிட்டாரோ."

"சாகல!" என்று அவள் கத்திவிட்டாள். சதுரங்கக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. "சாகலைங்க" என்று குரலைத் தணித்தாள். "நல்லா இருக்காரு. கேள்விப்பட்டேன்."

"அப்பச் சந்தோஷம்மா. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

தாலாட்டு அண்ணனுக்கு அழுகை வந்தது. மறைக்கவும் முடியவில்லை, கத்தி மறுபடி கழுத்துக்கு வந்திருந்தது. நான்தான் அது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. மேலே போகும்போது கீழே இவர்கள் இருப்பதே தெரியாமல்தான் அவர் மெதுவாக்கினார், பயணிகள் தூக்கம் கலையக் கூடாதே என்று. அந்த நன்மை இவ்வளவு தூரம் இறங்கி வந்து ஒரு தூணடியில் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஊர் தன்னை இத்தனை நாளும் அறிந்திருந்தது, தான்தான் அதை அறியவில்லை என்று நினைத்து அவர் வெட்கப்பட்டார், கூடவே மனசு நிறைந்தும் போனது. எழுந்ததும் திருத்தியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, தெருவில் முதல்முறையாக, தானே வாயைத் திறந்து கேட்டார்.

"இந்தப் பக்கம் இன்னும் என்ன இருக்குங்க?"

மாசக் கடைசி வந்தது. சொன்னபடி மேலாளர் அம்மா காலையிலேயே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வரிசை நீண்டிருந்தது. ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு நூலகம். பின்பக்கத் தோட்ட வாசலைச் சொன்னார். கைக்குழந்தைக்காரிக்கு மண்டல அலுவலகம். நிழலான தெருவாகப் பார்த்துச் சொன்னார். ஒருவருக்கு மிஷின் ரிப்பேர். முழங்காலை விசாரித்து, மாடிப்படியைப் பற்றி எச்சரித்து அனுப்பினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஒருவர் வந்து நின்றார். கக்கத்தில் போர்வை சுற்றிய பெரிய நிலைக்கண்ணாடி, மூலையில் விரிசல். "மேட்டுத் தெருவுல கண்ணாடி வெட்டித் தர்றாங்களாமே. எங்க இறங்கி எப்படிப் போறது?"

தாலாட்டு அண்ணனுக்கு மேட்டுத் தெரு தெரியும். பேருந்து அதன் முனையில் வளையும். அதற்கு மேல் தெரியாது. அங்கே அவர் நடந்ததில்லை. பழைய ஆளாக இருந்தால் நேரா, ரைட்டு, லெஃப்ட் என்று அடித்துவிட்டிருப்பார், பக்கத்தில் இருக்கிற மேலாளர் அம்மாவுக்கும் ஊர் தெரியாது. வாய் வரை வந்தது. அந்த மனுஷர் கண்ணாடியை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் மைக்கில்.

நிலையம் முழுக்க அது கேட்டது. விசாரணை ஜன்னலிலிருந்து அந்த வார்த்தை வெளியே வந்ததே இல்லை. மேலாளர் அம்மா தலையைத் திருப்பினார். அண்ணன், போனது போகட்டும் என்று மைக்கை மறுபடி வாய்க்கு நேராக இழுத்தார்.

"வரிசையில நிக்கிறவங்கள்ல மேட்டுத் தெருப் பக்கம் யாராவது இருக்கீங்களா? கண்ணாடி வெட்டுற கடை எங்க இருக்கு?"

ஐந்தாறு கைகள் எழுந்தன. தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்றார் ஒருவர். அங்கே இறங்கினால் மேடு ஏற வேண்டும், கண்ணாடியோடு ஏற முடியாது, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இறக்கமாக வந்தால் சுகம் என்றாள் கூடைக்காரி ஒருத்தி. அந்த இறக்கம் மழைக்கு வழுக்கும் என்றார் மூன்றாமவர். மழை எங்கே பெய்கிறது என்றாள் கூடைக்காரி. அண்ணன் எல்லாரையும் கேட்டார், இடையிடையே "படி உண்டா? தெரு அகலமா? எதிர்ல வண்டி வருமா?" என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் கூடைக்காரியும் அதே பக்கம்தான் போகிறாள் என்று தெரிந்தது. கண்ணாடிக்காரரை அவளோடு அனுப்பி வைத்தார். கண்ணாடியின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் நடைமேடையைப் பார்த்துப் போனார்கள்.

மேலாளர் அம்மா எழுந்தார். கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். தெரியாது என்று ஊரறியச் சொன்னவனை எந்த அதிகாரி ஜன்னலில் வைத்துக்கொள்வார்? டயர் கிடங்கு நிச்சயம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே அண்ணன் எஞ்சியிருந்தவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராக வழி சொன்னார்.

வரிசையின் கடைசி ஆள் ஜன்னலுக்கு வந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். மேலாளர் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"மேடம்... என் விஷயம்..."

"டயர் கிடங்குல உக்காந்திருக்கிறவர்கிட்ட யாராவது வரிசையில நின்னு வழி கேப்பாங்களாண்ணே?" என்றார் அந்தச் சின்னக் குரலில். "வந்த நாள்லேர்ந்து எனக்கு இந்த ஊர்ல வீடும் ஆபீஸும்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை ஆனா ஜன்னல்ல நின்னு ரோட்டைப் பாத்துட்டு இருப்பேன். இந்த ஞாயிறு எங்கயாவது போகணும். நடந்து. சொல்லுங்க, எங்க போறது?"

தாலாட்டு அண்ணனுக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தன, எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்துக்கொண்டு வந்தன. மைக்கை அணைத்தார். எழுந்து, எக்கி, ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். ஊசி மாதிரிக் குதிகால் வைத்த செருப்பு.

"வேற செருப்பு இருக்கா மேடம்?"

"இல்லையே. இதே மாதிரிதான் எல்லாம்."

"அப்ப முதல்ல செருப்புக் கடைக்கு வழி சொல்றேன்" என்றார். "பஸ்ஸெல்லாம் வேணாம். இந்தப் பின்வாசல் வழியா வெளிய போங்க."